ஹெட்லைட்டில் எல்இடி: பல்பை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

எல்இடி பல்ப் ஜோடி ஒன்றை வாங்கிய அன்று, ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்தில் பழைய இழை பல்பான ஹாலஜனை அப்படியே விட்டுவைத்தேன். இரண்டையும் அருகருகே பார்க்கவேண்டும் என்று ஆசை. இருட்டியதும் ஒரு வெள்ளைச் சுவருக்கு நேரே காரை நிறுத்தி டிம் லைட்டைப் போட்டேன்.

ஹாலஜன் பக்கம் மங்கலான மஞ்சள்தான். ஆனால் சுவரின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. சாலையோரம் இருக்கும் பக்கத்தில் மட்டும் அந்தக் கோடு லேசாக மேலே ஏறியிருந்தது. எல்இடி பக்கம் பளிச்சென்று இருந்தது, பார்த்தவுடன் மனசுக்கு நிறைவாகவும் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்தப் பக்கம் கோட்டையே காணோம். கோடு இருக்கவேண்டிய இடத்தில் பால் கொட்டியது போல வெண்மை மேலே பரவியிருந்தது. அதற்கும் மேலே, என் தலை உயரத்தில், விளக்குமாற்றால் இழுத்தது போல இரண்டு வெள்ளைத் தீற்றல்கள்.

சுவரில் என் தலை உயரம் என்றால், சாலையில் அது எதிரே வருகிறவரின் கண். அன்றிரவே அந்த பல்பைக் கழற்றிவிட்டேன். ஏன் அப்படி ஆனது என்று தேடிப் படித்ததையும், பிறகு பலமுறை கழற்றி மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். வீட்டிலேயே எல்இடி மாற்ற நினைப்பவர்களுக்கு, வாங்குவதற்கு முன்பே இது தெரிந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

ஹெட்லைட்டின் வேலை என்ன? வெளிச்சம் கொடுப்பது என்று உடனே சொல்லிவிடுவோம். டிம் லைட்டைப் பொறுத்தவரை அது பாதி வேலைதான். குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வெளிச்சம் போகாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 112ஆம் விதி இதை எண்களிலேயே சொல்கிறது. விளக்குக்கு எதிரே 25 மீட்டர் தள்ளி ஒரு திரை வைத்து, அதில் சில புள்ளிகளில் அளக்கிறார்கள். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளின் கணக்கில், பி50எல் என்ற புள்ளி, 50 மீட்டர் தொலைவில் எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கும் இடம். அங்கே 350 கேண்டெலாவை (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தின் அளவு) தாண்டக்கூடாது. 75ஆர் என்ற புள்ளி, 75 மீட்டர் தள்ளி நம் பக்கத்துச் சாலையோரம். அங்கே குறைந்தது 10,100 கேண்டெலா இருக்கவேண்டும். கிட்டத்தட்ட 30 மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் பக்கவாட்டில் நாலைந்து டிகிரி இடைவெளி இருக்கிறது. உயரத்தில் வித்தியாசம் ஒரு டிகிரியும் கொஞ்சமும்தான்.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு? கையை முழுதாக நீட்டி சுண்டுவிரலைத் தூக்கிப் பாருங்கள், அந்த விரலின் அகலம்தான். அந்த அகலத்துக்குள் 30 மடங்கு வெளிச்சம் ஏறி இறங்கவேண்டும். சுவரில் நான் பார்த்த கோடு அதுதான். ஹெட்லைட்டை வடிவமைப்பவர்களின் உழைப்பில் பெரும் பகுதி அந்தக் கோட்டுக்குத்தான் போகிறது.

அந்தக் கோடு பல்பிலிருந்து மட்டும் வருவதில்லை. பல்பும், அதைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணமும் சேர்ந்து வரைகிற கோடு அது.

பழைய எச்4 பல்ப் ஒன்று கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள். 1971இல் வந்த வடிவம் இது, இன்றும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு சுருள் இழைகள் இருக்கும். அடிப்பக்கத்துக்கு அருகில் இருப்பது பிரைட் லைட்டுக்கு. நுனிக்கு அருகில் இருப்பது டிம் லைட்டுக்கு. டிம் இழையின் கீழே மட்டும், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் பாலாடை மாதிரி ஒரு குட்டி உலோகத் தொட்டி இருக்கும். அந்தத் தொட்டியின் ஒரு விளிம்பு மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சுவரில் சாலையோரப் பக்கம் கோடு மேலே ஏறுகிறதே, அந்த ஏற்றம் இந்த விளிம்பின் நிழல்தான்.

தொட்டி எதற்கு? பிரைட் இழை, கிண்ணத்தின் குவியத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் வெளிச்சம் கிண்ணத்தில் பட்டு நேராகப் போகும். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் வெளிச்சம் கிண்ணத்தின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கித் திரும்பும், கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கிக் கிளம்பும். மேல்நோக்கிப் போகிற பாதி நமக்கு வேண்டாம். எனவே இழையின் கீழே ஒரு தொட்டியை வைத்து அதைத் தடுத்துவிட்டார்கள். பாதி வெளிச்சத்தை வீணாக்கினாலும் பரவாயில்லை, எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றவேண்டும் என்று எடுத்த முடிவு அது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் இது ஒன்று.

இப்போது அந்த இடத்தில் எல்இடியை வைத்துப் பாருங்கள். இழை என்பது நாலைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். எல்இடி அப்படியல்ல. அது ஒரு தட்டையான சில்லு, முகம் பார்த்த திசையில் மட்டும் வெளிச்சம் விடும். ஆகவே ஒரு மெல்லிய உலோகப் பட்டையின் இரண்டு முகங்களிலும் சில்லுகளை ஒட்டி, இரண்டு பக்கமும் வெளிச்சம் வரும்படி செய்கிறார்கள். பட்டைக்குத் தடிமன் இருக்கிறது, சில்லுக்கும் தடிமன் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து வரவேண்டிய வெளிச்சம், நடுவே இடைவெளி உள்ள இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. சுவரில் நான் பார்த்த இரண்டு தீற்றல்களுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கவேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கிண்ணத்தின் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வருகிற இடம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒளிக்கற்றை 25க்கு 1 என்ற கணக்கில் திரும்பும். 25 மீட்டர் தொலைவில் அது 1 மீட்டர். டிகிரியில் சொன்னால் இரண்டேகால். ஒரு டிகிரிக்குள் 30 மடங்கு ஏறி இறங்கவேண்டிய இடத்தில் இரண்டேகால் டிகிரி தப்பு. கோடு எங்கே இருக்கும்?

எனவே எல்இடி பல்ப் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது பல்ப் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவை, அல்ல. பட்டை எவ்வளவு மெல்லியது, சில்லுகள் பழைய இழை இருந்த அதே இடத்தில், அதே நீளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். ஹாலஜனையும் எல்இடியையும், பல்பைப் பிடித்து நிறுத்தும் வளையங்களான காலர்கள் ஒட்டியிருக்கும்படி பக்கத்தில் படுக்கவைத்து ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். எச்4 என்றால் டிம் சில்லுகளுக்குக் கீழே அந்தக் குட்டித் தொட்டி இருக்கிறதா, அதன் விளிம்பு சில்லுக்கு நெருக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டி தள்ளி இருந்தால் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் கசியும். கசிந்தது நேராக மேலே போகும்.

கிண்ணம் வேறு, ப்ரொஜெக்டர் வேறு

ஹெட்லைட்டுக்குள் எட்டிப் பார்த்தால் பளபளக்கும் பெரிய கிண்ணம் தெரிந்தால் அது ரிஃப்ளெக்டர். கண் விழி மாதிரி உருண்டையான கண்ணாடி தெரிந்தால் ப்ரொஜெக்டர். எல்இடி விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ப்ரொஜெக்டரில் வெளிச்சம் முதலில் ஒரு புள்ளியில் குவிகிறது. அங்கே ஒரு உலோகத் தகடு நிற்கிறது. தகட்டின் விளிம்பை முன்னால் உள்ள லென்ஸ் சாலையில் நிழலாக வரைகிறது. ஆக, உள்ளே எந்த பல்பை மாட்டினாலும் கோடு இருக்கும், ஏனென்றால் கோட்டை வரைவது தகடு.

ப்ரொஜெக்டர் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்லமுடியாது. கோடு நன்றாக இருந்து, கோட்டுக்குக் கீழே வெளிச்சம் தப்பான இடத்தில் விழலாம். தூரத்துக்குப் போகவேண்டிய செறிவான பகுதி கலைந்துபோய், பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வெளிச்சம் கொட்டிக்கிடக்கும். ஓட்டுகிறவருக்கு இது பிடிக்கும். சாலை வெள்ளையாக விரித்துப் போட்டது போல இருக்கும். ஆனால் பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகி சுருங்கிக்கொள்ளும், தூரத்தில் இருட்டில் நிற்கிற ஆள் தெரியமாட்டார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். பதினைந்து மீட்டருக்குள் எதைப் பார்த்தாலும் பிரேக் மிதிக்க நேரம் இல்லை. நல்ல வெளிச்சம் என்ற உணர்வும் உண்மையில் நல்ல வெளிச்சமும் ஒன்றல்ல என்பதை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் இடம் கொடுத்தால், ப்ரொஜெக்டரில் நல்ல எல்இடியைச் சோதித்துப் பார்த்து மாட்டலாம். ரிஃப்ளெக்டரில், அதிலும் எச்4 ரிஃப்ளெக்டரில், பெரும்பாலும் வேண்டாம். சுவரில் கோடு சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்ததை யோசிக்கலாம்.

சட்டம் என்றதும் பலர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுவார்கள். தாண்டவேண்டாம். ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்தில் சின்ன எழுத்துகள் அச்சாகியிருக்கும். ஒரு வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் அது ஐநா விதிப்படி ஒப்புதல் பெற்ற விளக்கு. பக்கத்தில் எச்சிஆர் என்றிருந்தால் ஹாலஜன் பல்போடு டிம், பிரைட் இரண்டுக்கும் சோதித்தது என்று பொருள். அதாவது ஒப்புதல் அந்தக் கிண்ணத்துக்கும் இழை பல்புக்கும் சேர்த்துக் கொடுத்தது. பல்ப் வகையை மாற்றினால் ஒப்புதலும் போய்விடுகிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 108உம் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி மாற்று பல்பை ஏற்பதில்லை. பிரிட்டனில் 2021 முதல், ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி மாட்டிய கார்கள் ஆண்டுச் சோதனையில் தோற்கும், 1986 ஏப்ரலுக்கு முந்தைய பழைய வண்டிகள் தவிர. ஜெர்மனி 2020இல் ஒரு புது வழியைத் திறந்தது. ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எல்இடி என்ற எச்7 பல்புக்கு (எச்7 என்பது ஒற்றை இழை பல்பின் வகை) அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லா கார்களுக்கும் அல்ல, சோதித்துப் பட்டியலில் சேர்த்த கார்களுக்கும் அவற்றின் குறிப்பிட்ட ஹெட்லைட்டுகளுக்கும் மட்டும். பல்பும் கிண்ணமும் ஒரு ஜோடி என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது. உங்கள் நாட்டு விதி என்ன, காப்பீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்கிற கேள்வி அல்ல இது.

அடுத்தது லூமன். எச்7 ஹாலஜன் 1,500 லூமன். எச்4இல் பிரைட் 1,650, டிம் 1,000. இவை 13.2 வோல்ட்டில் அளந்த, ஐநா விதியில் எழுதப்பட்ட எண்கள். எல்இடி பெட்டிகளில் 20,000 லூமன் என்று கண்கூசப் போட்டிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாராளமாக வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்தாலும், 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். அத்தனை மின்சாரம் உள்ளே போனால் அதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியே வரவேண்டும். சூட்டை வெளியேற்றும் கட்டைவிரல் அளவு உலோகத் துண்டான ஹீட் சிங்கும் ஒரு குட்டி ஃபேனும் அதைத் தாங்காது. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு ஆம்பியரை அளந்தால் உண்மை வெளிவரும். 13 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 26 வாட், ஏறக்குறைய 2,500 லூமன். அது ஒன்றும் குறைவல்ல, ஹாலஜனைவிட அதிகம்தான். ஆனால் பெட்டி சொன்னதில் எட்டில் ஒரு பங்கு. அளப்பதாக இருந்தால் பல்பை அரைமணி நேரம் எரியவிட்டு அளங்கள். சூடேறிய பிறகு பல எல்இடிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

சூட்டைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, எல்இடி சூடாகாது என்று. ஹாலஜன் தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்பக்கம் அனுப்பிவிடும், கண்ணாடியைத் தொட்டால் சுடும். எல்இடி முன்பக்கம் குளிர்ச்சியாக இருக்கும், சூடு முழுவதும் பின்பக்கம் இறங்கும். சில்லின் ஆயுளே அந்தச் சூடு வெளியேறுவதைப் பொறுத்தது. அதனால்தான் பின்னால் ஹீட் சிங்கும் ஃபேனும். மாட்டும்போது இங்கேதான் சிக்கல் வரும். ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் ரப்பர் மூடிக்குள் இந்த வால் அடங்காது. பலர் மூடியை வெட்டி ஓட்டை போடுகிறார்கள், இன்னும் சிலர் மூடியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் ஹெட்லைட்டுக்குள் பனி பூத்தது போல ஈரம் படியும். பழைய ஹாலஜனாக இருந்தால் அதன் சூடே ஈரத்தைக் காயவைத்துவிடும், எல்இடிக்கு அந்தச் சூடு முன்பக்கம் இல்லை. ஈரம் தங்கி, தூசியும் சேர்ந்து, கிண்ணத்தின் பளபளப்பு போகும். மூடியை வெட்டாமல் மாட்டமுடியாத பல்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பனி கொட்டும் நாடுகளில் இன்னொரு தொல்லை, கண்ணாடியில் ஒட்டிய பனி உருகாது.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின். ஹாலஜனின் வெளிச்சம் சுமார் 3,200 கெல்வின், மஞ்சள் சாயல். கடையில் கிடைக்கும் எல்இடிகளில் பெரும்பாலானவை 6,000 முதல் 6,500 கெல்வின், நீலச் சாயல் கலந்த வெள்ளை. வெள்ளை எல்இடி என்பதே உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசிய, பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சின் மஞ்சளோடு கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மஞ்சள் வெளிச்சம் மூடுபனியை ஊடுருவும் என்று ஊரெல்லாம் சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கூடிய வெளிச்சம் அதே அளவில் இருந்தாலும் கண்ணுக்கு அதிகம் கூசும் என்பது உண்மை. வயதானவர்களின் கண்ணுக்குள் ஒளி கூடுதலாகச் சிதறுவதால் அவர்களுக்கு அவஸ்தை இன்னும் அதிகம். 4,300 முதல் 5,000 கெல்வினுக்குள் கிடைத்தால் அதை எடுங்கள். பார்ப்பதற்கு அவ்வளவு பகட்டாக இருக்காது, ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும்.

பல்பை மாற்றும் முன் மாற்றவேண்டியவை

பல பேர் எல்இடிக்குப் போவதற்குக் காரணம், இருக்கிற ஹாலஜன் மங்கிப்போனதுதான். மங்கியதற்குக் காரணம் பல்பாக இல்லாமலும் இருக்கலாம். ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும், இறங்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இன்ஜின் ஓடும்போது, லைட் எரியும்போது, பேட்டரி முனைகளிலும் பல்ப் சாக்கெட்டின் பின்புறத்திலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். என் காரில் பேட்டரியில் 14 வோல்ட் இருந்தது, பல்பில் 12.3தான் வந்தது. மெல்லிய வயரும் தேய்ந்த ஸ்விட்சும் களிம்பேறிய எர்த்தும் வழியில் தின்றுவிட்டன. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாக ஹெட்லைட்டுக்குத் தடித்த வயர் இழுத்தேன், எர்த்தைச் சுரண்டி இறுக்கினேன். அதே 55 வாட் பல்ப்தான், வேறு கார் மாதிரி ஆகிவிட்டது. வோல்ட் கூடினால் ஹாலஜனின் ஆயுள் குறையும், அது உண்மை. வருஷத்துக்கு ஒருமுறை பல்ப் மாற்றுவதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் கண்ணாடி. இப்போதுள்ள ஹெட்லைட் கண்ணாடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளித்துச் சொரசொரத்துப் போகும். வெளிச்சத்தைக் குறைப்பதோடு அதைச் சிதறவும் அடிக்கும். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு பளிச்சென்ற எல்இடியை வைத்தாலும் சிதறல்தான் அதிகமாகும். ஈரத்தோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால் மீண்டும் தெளியும். பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். கிண்ணத்தின் பளபளப்பான பூச்சு கருகியோ உரிந்தோ இருந்தால் ஹெட்லைட்டையே மாற்றவேண்டும், வேறு வழியில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் எல்இடி வேண்டும் என்று தோன்றினால், சரி, மாட்டலாம். வேலை கடினமில்லை. இக்னிஷனை அணைத்து, பழைய பல்ப் ஆறும்வரை காத்திருங்கள். பின்பக்கப் பிளக்கை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்ப் கையோடு வரும். எச்4 காலரில் மூன்று பல் இருக்கும், மேலே உள்ளது மற்றவற்றைவிட அகலம், அதனால் தப்பாகப் பொருந்தாது. எல்இடியின் காலரைத் தனியாகக் கழற்றமுடிந்தால் முதலில் காலரை மட்டும் மாட்டிக் கிளிப்பைப் போட்டுவிட்டு, பிறகு பல்பைச் செருகித் திருப்புங்கள். சில்லுகளின் முகம் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி திசையைப் பார்க்கவேண்டும், தொட்டி கீழே இருக்கவேண்டும். மேலும் கீழும் பார்த்தால் கற்றை கெட்டுவிடும். மஞ்சள் பாஸ்பரில் விரல் படவேண்டாம். பழைய ஹாலஜனைத் தூக்கி எறியாதீர்கள், டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள்.

எரியவில்லை என்றால் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். இழைக்கு நேர், எதிர் முனை வித்தியாசம் கிடையாது, பல எல்இடிகளுக்கு உண்டு. எரிந்தும் துடித்தால், அல்லது பல்ப் பழுது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வந்தால், காரின் கணினி 55 வாட்டை எதிர்பார்த்து 25 வாட்டைப் பார்த்துக் குழம்புகிறது என்று பொருள். கணினியின் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க கேன் பஸ் டிகோடர் என்று விற்பதை இடையில் போட்டால் பெரும்பாலும் சரியாகும். வெறும் ரெசிஸ்டர் போட்டால் கவனம் வேண்டும். 6 ஓம் ரெசிஸ்டர் 13 வோல்ட்டில் 28 வாட்டைச் சூடாகவே வெளியேற்றும். பிளாஸ்டிக்கிலோ வயரிலோ பட்டால் உருகும், உலோகத்தில் திருகி வைக்கவேண்டும். சில கார்கள் பிரைட் பல்பையே குறைந்த மின்சாரத்தில் பகல் விளக்காக எரிக்கும், அங்கே எல்இடி ஒத்துவராது. லைட் போட்டதும் எஃப்எம்மில் இரைச்சல் வந்தால் பல்பின் மின்சுற்று மட்டமானது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக மறுபடியும் சுவர். சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளோடு காரை நிறுத்துங்கள். உள்ளே மட்டத்தைச் சரிசெய்யும் குமிழ் இருந்தால் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தை அளந்து அதே உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஹெட்லைட்டுக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால் கோடு டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே, 5 மீட்டர்தான் இடம் இருக்கிறது என்றால் 5 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். பொதுவான கணக்கு இது, 100க்கு 1 சரிவு. உங்கள் ஹெட்லைட்டின் மேலேயே 1.2 சதவீதம் என்பது போல அச்சாகியிருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1 சதவீதச் சரிவில் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். அந்தச் சரிவு கோணத்தில் அரை டிகிரியைச் சற்றே தாண்டும். அதை இழந்துவிட்டால் கற்றை தரையைத் தொடவே தொடாது.

கோடு தெளிவாக இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் பின்னாலுள்ள திருகில் சரிசெய்துவிடலாம். கோடே கலங்கியிருந்தால் திருகைத் தொடவேண்டாம். வெளிச்சத்தைக் கீழே இறக்கினால் கசிவு குறைந்தது போலத் தோன்றும், ஆனால் நீங்கள் தூரத்தில் பார்ப்பதும் அதோடு போய்விடும். அந்த பல்ப் அந்தக் கிண்ணத்துக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

என் காரில் இன்றும் ரிலே வயரிங்கும் ஹாலஜனும்தான். தம்பியின் கார் ப்ரொஜெக்டர். அதற்கு மெல்லிய பட்டை உள்ள ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, இருவரும் சேர்ந்து மாட்டினோம். சுவரில் கோடு சரியாக வந்தது. ஆனாலும் அவனைக் காரில் உட்காரவைத்து, ஆளில்லாத நேரான சாலை ஒன்றில் 50 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொன்னேன். நான் என் காரில், எதிர் வரிசையில், ஓட்டுகிற உயரத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். லைட் தெரிந்தது. அதன் பக்கத்தில் சாலையோரம் நட்டிருந்த கல்லும் தெரிந்தது. அவனிடம் போனில், இப்படியே விடு என்றேன்.